நாற்பது பேருக்கும் வயது முப்பத்துநான்கு

என் துக்குணி,

இளைஞர் மன்றச் செயலாளர் அவர்களுக்கு, எதிர்க்கடை இஸ்திரிக்காரியும் உன் கூடப் பிறந்த அக்காவுமான நான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே உன் நலத்தைக் கேட்டால் பதில் வரப்போவதில்லை, அதனால் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். என் முழங்கால் வலி வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. உன் சைக்கிளை யாருக்கும் கொடுக்கவில்லை. காற்று மட்டும் தானாக இறங்கிவிட்டது.

எதுவானாலும் எழுத்தில் கொடு, வாய்ச்சொல் செல்லாது என்பது உன் சட்டம். ஒரே வீட்டில் ஒரே சட்டிச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டு, உங்கள் கைப்பந்து என் கடைக்குள் விழுந்து டாக்டர் வீட்டு வெள்ளைச் சட்டை முதுகில் வட்டமாக முத்திரை குத்திய அன்று நான் கத்தினால், தட்டும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, "எழுத்துல குடு அக்கா, கமிட்டியில வைக்கிறேன்" என்றவன் நீ. மூன்றாம் வகுப்புப் பாதியில் நின்றவளிடம் எழுத்தில் கேட்டால் அவள் எங்கே போவாள்? துணி மடிக்கிற பழைய பேப்பரைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டி நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அதில் ஆறு பிழை என்று சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தாய். பந்துக்குப் பதில் இன்றுவரை வரவில்லை. இந்தக் கடிதத்திலும் பிழை இருக்கும். வட்டம் போட ஆளில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன். நாலு நாளாக எழுதுகிறேன், கை வலிக்கிறது. பெட்டி தேய்த்து வராத வலி பேனா பிடித்து வருகிறது.

விஷயம் உன் போட்டோ. நீ போன பத்தாம் நாள் மன்றத்தில் கூடி, செயலாளர் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டுவது என்று தீர்மானம் போட்டார்கள். எனக்குச் சந்தோஷம்தான். படத்துக்கு அடியில் பேர், பதவி, வயது என்று மூன்று வரி எழுத வேண்டும். போர்டு எழுதுகிற பெயிண்டர் பிரஷைக் காதில் செருகிக்கொண்டு என் கடைக்கு வந்து, "வயசு என்னக்கா?" என்று கேட்டார். அங்கே பிடித்தது சனி. "என்கிட்ட ஏன் கேக்கறீங்க, அவன் பேப்பர் எல்லாம் இதோ" என்று உன் தகரப் பெட்டியைத் திறந்து கொடுத்தேன். அடையாள அட்டையில் ஐம்பத்தைந்து. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஐம்பத்திரண்டு. நர்ஸு சின்னப் பெண்ணாக இருந்தாள் என்பதற்காக, மூச்சு வாங்குகிற நேரத்திலும் உன் நிஜ வயதில் ஒன்பது வருஷத்தை முழுங்கியிருக்கிறாயே, உன்னை என்ன சொல்ல? மன்றத்து உறுப்பினர் நோட்டில் முப்பத்துநான்கு. பெயிண்டர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, தப்பா நினைக்காதீங்க, மொத்தம் எத்தனை பேரு செத்திருக்காங்க?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த கையோடு அழுகையும் வந்தது. அவர் பாவம், கடனே என்று ஒரு சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டார். அதையும் தப்பாக மடித்தார்.

அஞ்சலிக் கூட்டத்தில் மன்றத்தின் வரலாற்றை யாராவது பேச வேண்டுமாம். செயலாளர் போனதால் அக்காவே பேசட்டும் என்று என் தலையில் கட்டினார்கள். வரலாறு உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ நோட்டில் எழுதியது ஒன்று, நான் விருந்தாளியாக வந்தபோதும், பிறகு எதிர்க்கடையில் பெட்டியும் கையுமாக நின்றும் பார்த்தது ஒன்று. நான் பார்த்ததைச் சொல்கிறேன், தப்பிருந்தால் கனவில் வந்து வட்டம் போடு.

நாற்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் இந்த ஊரில் ஒரே ஒரு படிப்பகம். அதில் எட்டு நாற்காலி, எட்டுப் பெரியவர்கள். உனக்கு இருபது வயது, உன் கூட்டாளி தையல்காரருக்கு இருபத்துநான்கு. பேப்பர் படிக்கப் போன உங்களை, "இது பெரியவங்க உக்கார்ற இடம்பா" என்று நிற்க வைத்தார்கள். நின்றுகொண்டே முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துப் படித்தால், படிக்கிற பக்கத்தைப் பாதியிலேயே மடித்தார்கள். சிவந்த மூஞ்சியோடு வீட்டுக்கு வந்து, "அக்கா, பெருசுங்க கால் பதிக்காத இடம் ஒண்ணு கட்டிக் காட்டறேன் பாரு" என்றாய். விதைநெல் அடைத்து வைத்திருந்த பழைய கிடங்கை இரந்து வாங்கி, எலியை விரட்டி, வெள்ளையடித்து, பூட்டு ரிப்பேர்க்காரனாகிய நீயே ஒரு பூட்டுச் செய்து போட்டாய். ஆரம்பத்தில் சட்டம் இரண்டே இரண்டு, உன் கையெழுத்தில். ஒன்று, முப்பத்தைந்து வயது நிறைந்தவர் தாமாகவே விலகி இளையவருக்கு இடம் விட வேண்டும். இரண்டு, உறுப்பினர் நாற்பது பேர், ஆளுக்கொரு சாவி. ஏன் நாற்பது என்றால், அன்றைக்கு உன் கடையில் அறுக்காத சாவி நாற்பதுதான் இருந்தது. இதை நீ நோட்டில் எழுதவில்லை. ஊர் எத்தனையோ காரணம் சொல்கிறது.

பதினோரு வருஷம் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கேரம், கைப்பந்து, டேபிள் டென்னிஸ், அலமாரி நிறையப் புத்தகம். பிறகு தையல்காரருக்கு முப்பத்தைந்து வந்தது. டீயும் பிஸ்கட்டும் வைத்து வழியனுப்பு விழா நடத்தினீர்கள். நீ பேசினாய், அவர் அழுதார், சாவியைக் கொடுத்தார், எல்லோரும் அழுதீர்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் திரும்பி வந்து, "கண்ணாடியை மறந்துட்டேன்" என்று உள்ளே போனார். போனவர் கேரம் போர்டில் உட்கார்ந்துவிட்டார். விருந்துக்கு வந்திருந்த நான் எதிரே உன் பூட்டுக்கடை வாசலில் நிற்கிறேன், காதில் விழுகிறது.

"தையல்காரரே, உங்க வயசு என்ன?"

"முப்பத்துநாலு."

"நேத்து?"

"நேத்து ஏதோ தப்பா சொல்லிட்டேன்பா."

நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டே நோட்டைத் திறந்து எழுதினாய். உனக்கு அப்போது முப்பத்தொன்று. இன்னும் நாலு வருஷத்தில் உனக்கும் இதே கண்ணாடி மறக்கும் என்று உனக்குத் தெரியாதா என்ன.

அதிலிருந்து வருஷா வருஷம் ஆண்டுக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று தன் வயதைத் தானே சொல்ல வேண்டும், அடுத்தவர் வயதை யாரும் கேட்கக் கூடாது என்று ஆகிவிட்டது. முப்பத்துநாலு, முப்பத்துநாலு, முப்பத்துநாலு என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் தெருவுக்கே கேட்கும். கணக்கு மட்டும் ஏறவே ஏறாது. மருந்துக்கடைக்காரர் தலைமையில் இளைஞர் ரத்த அழுத்த முகாம் நடந்தது. நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தார்கள், அவர்களுக்கு இரண்டாம் பரிசு. இரும்புக் குண்டு எடுப்பார் இல்லாமல் கதவுக்கு முட்டுக் கொடுத்தது. கைப்பந்து வலையை நான் துணி உலர்த்தக் கேட்டேன், எழுத்தில் கேட்கச் சொன்னாய். ஐம்பது வயதில் உனக்குப் பெண் பார்க்கட்டுமா என்று கேட்டால், "முப்பத்துநாலு வயசுல என்னக்கா அவசரம்" என்றாய். அந்தப் பேச்சைப் பேசிப் பேசியே காலத்தை ஓட்டிவிட்டாய்.

இதெல்லாம் சிரிக்கிற சங்கதி. சிரிக்க முடியாத சங்கதி தபால்காரருடையது. பத்தொன்பது வயதில், வேலையில் சேர்ந்த புதிதில், அவர் உறுப்பினராக விண்ணப்பம் கொடுத்தார். நாற்பதும் நிறைந்திருக்கிறது, இடம் காலியானதும் தெரிவிக்கிறோம் என்று நீ தபாலில் பதில் போட்டாய். அதை அவரே தூக்கி வந்து அவருக்கே கொடுத்துக்கொண்டார். பதினேழு வருஷம் இதே பதில், இதே பட்டுவாடா. கடைசியில் ஒருவர் ஊரை விட்டுப் போய் ஒரு சாவி காலியானபோது, தங்களுக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டதால் வயது வரம்பைக் கடந்துவிட்டீர்கள் என்று எழுதினாயே துக்குணி, அன்றைக்கு உனக்கு நாற்பத்தேழு! அந்த இடம் பேக்கரிக்காரர் மகனுக்குப் போனது. தபால்காரர் கவரைப் பிரித்து என் கடை வாசலில் நின்று படித்துவிட்டு, "அக்கா, எனக்கு வயசாயிடுச்சாம்" என்றார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, தேய்த்த சட்டையையே திரும்பத் திரும்பத் தேய்த்தேன். அதை எழுதிய கை என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கிய கை. அன்று ராத்திரி உனக்கு உப்பில்லாமல் சமைத்துப் போட்டேன். நீ கேட்கவும் இல்லை. ஏன் என்று உனக்குத் தெரியும்.

இப்போது அவர் மகள் வந்து நிற்கிறாள். இருபத்திரண்டு வயது. கையில் டேபிள் டென்னிஸ் மட்டை, பின்னால் அவள் வயதுப் பிள்ளைகள் முப்பது பேர். மூன்று வருஷமாக மன்றத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். உள்ளே அந்த மேசை மேல் உங்கள் ஆட்கள் துண்டை விரித்து மத்தியானம் தூங்குகிறார்கள்.

போட்டோவுக்கு வருகிறேன். வயதைக் கேட்டு, தலைவர் என்கிற தையல்காரரும் பொருளாளர் என்கிற மருந்துக்கடைக்காரரும் என் கடைக்கு வந்தார்கள். மருந்துக்கடைக்காரர் தலையில் புதுச் சாயம், காதிலும் கொஞ்சம்.

"அக்கா, வயசு போடாம விட்டுடலாமா?" என்றார் தையல்காரர்.

"ஏன் விடணும்? அறுபத்தொண்ணு. எழுதுங்க."

"அறுபத்தொண்ணுன்னு எழுதினா, அவன் கூட மன்றம் ஆரம்பிச்ச நாங்க எல்லாம் யாருக்கா?"

"கிழவனுங்க."

மருந்துக்கடைக்காரர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். "மெதுவா பேசுங்கக்கா, பிள்ளைங்க படியில உக்காந்திருக்கு. நோட்டுல இருக்கிறபடி முப்பத்துநாலுன்னு போட்டா இளமையிலேயே போயிட்டான்னு ஒரு மரியாதையும் இருக்கும்."

"என் தம்பி இளமையில போகலை. பல்லு ரெண்டு விழுந்து, கண்ணுல ஆபரேஷன் பண்ணி, முழுசா வாழ்ந்துட்டுப் போனான்."

"அதுக்குப் பேப்பர் இருக்கா?" என்றார் தையல்காரர். "எங்க சட்டப்படி எழுத்துல இல்லாதது செல்லாது. அவன் போட்ட சட்டம்தான்."

நீ போட்ட சட்டம் எனக்கே திரும்பியது பார். எனக்கு வந்த கோபத்தில் பெட்டியை வைத்த இடத்தில் மறந்து, இன்ஜினியர் வீட்டுக் கால்சட்டையில் முக்கோணமாக ஓட்டை. ஆனால் கோபம் அதற்கில்லை. அறுபத்தொன்றில் முப்பத்துநாலு போனால் இருபத்தேழு. அந்த இருபத்தேழு வருஷத்துக்குள்தான் உன் மாமா செத்துப் போய் நான் நடுத்தெருவில் நின்றேன். நீ வந்து, இஸ்திரிப் பெட்டியைச் சைக்கிள் பின்னால் கட்டி என்னைக் கூட்டிக்கொண்டு வந்து, உன் பூட்டுக்கடையைப் பாதியாகத் தடுத்து எனக்குக் கடை வைத்துக் கொடுத்தாய். நான் காய்ச்சலில் கிடந்தபோது பதினெட்டு நாள் கஞ்சி வைத்துக் கரியாக்கி ஊட்டினாய். முப்பத்துநாலு என்று எழுதினால் அதையெல்லாம் செய்தது யார்? உன்னைப் பறிகொடுத்தேன், சரி. நீ வாழ்ந்ததையும் பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் போவார்களா?

மறுநாள் கடையைச் சாத்தினேன். உன் வயதுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பேப்பர்தான் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. என் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அறுபத்தொரு வருஷம் கழித்து உள்ளே நுழைகிறேன், மணி அடித்ததும் ஓடலாமா நிற்கலாமா என்று கால் தடுமாறியது. ஆபீஸில் இருந்த கிளார்க் நல்ல மனுஷன். பெயர்ப்பதிவு நோட்டை எல்லாம் இறக்கி, தும்மித் தும்மித் தேடினார். கடைசியில், "பாட்டி, இது நீங்களா?" என்று விரல் வைத்தார். என் பேர், குறுக்கே ஒரு கோடு, ஒரு தேதி. பக்கத்தில், அந்தக் காலத்து டீச்சர் அழகான எழுத்தில் எழுதியிருந்தார்கள்: 'நின்றுவிட்டாள். நேற்று முன்தினம் தம்பி பிறந்துள்ளான். தாய் படுக்கையில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.' அன்றைக்கு எனக்கு ஒன்பது வயது. அம்மா எழுந்ததும் வந்துவிடுகிறேன் டீச்சர் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அம்மா எழுந்தாள். அதற்குள் நீ என் இடுப்பை விட்டு இறங்க மாட்டேன் என்று பழகிவிட்டாய். துக்குணியூண்டு இருந்துகொண்டு என்ன பிடி பிடித்தாய்! நகலுக்குக் கிளார்க் முத்திரை குத்திக் கொடுத்தார். நீ பிறந்ததற்கு அத்தாட்சி, நான் படிப்பை விட்டது.

அஞ்சலிக் கூட்டத்தில் வரலாறு பேசு என்றார்கள். நான் அந்தக் காகிதத்தை எடுத்து எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். நாலு வரிதான், ஆனால் நான் படிக்கிற வேகத்துக்கு நெடுநேரம் ஆனது. படித்து முடித்து, "பேப்பர் கேட்டீங்க, கொண்டுவந்திருக்கேன். என் தம்பிக்கு அறுபத்தொண்ணு" என்றேன். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள் முகம்.

முதலில் தையல்காரர் எழுந்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். "எனக்கு அறுபத்தஞ்சு" என்றார். சொல்லிவிட்டு, வயிற்றில் கட்டியிருந்ததை அவிழ்த்தவர்போல் பெருமூச்சு விட்டார். மருந்துக்கடைக்காரர் காதைத் துடைத்துக்கொண்டே, "அறுபத்துமூணு" என்றார். பிறகு மளமளவென்று ஐம்பத்தெட்டு, அறுபது, அறுபத்திரண்டு. ஒருவர் நாற்பத்தொன்பது என்றதும், "அட, சின்னப் பையன்!" என்று கைதட்டினார்கள். பேக்கரிக்காரர் மகன் எழுந்து, "எனக்கு முப்பத்துநாலு" என்றான். "இனிமேயும் பொய் எதுக்குப்பா, உக்காரு" என்று எல்லோரும் அவனை அதட்டினார்கள். அவன் பாவம், நிஜமாகவே முப்பத்துநாலு. கடைசிவரை ஒருவரும் நம்பவில்லை.

சட்டப்படி விலக வேண்டும் என்று தையல்காரரே சொன்னார். ஒவ்வொருவராக வந்து சாவியைக் கேரம் போர்டு மேல் வைத்தார்கள். பேக்கரிக்காரர் மகனிடமும் பிடுங்கி வைத்துவிட்டார்கள். முப்பத்தொன்பது சாவி. உன் சாவி என் இடுப்பில் இருந்தது. நீ சாவிகளில் நம்பர் வெட்டும்போது உனக்கு ஒன்று என்று அரத்தால் கோடு போட்டுக்கொண்டாயே, அந்தச் சாவி. எடுத்து வைக்கக் கை வரவில்லை. தபால்காரர் மகள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கேட்கவில்லை. கேட்காததால் வைத்தேன்.

அப்புறம்தான் தபால்காரர், வேலை உடுப்போடு, முப்பத்தொரு வருஷம் தபாலை வைத்துவிட்டுத் திரும்பிய அந்த நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தார். சுற்றிப் பார்த்தார். கேரம் போர்டைத் தொட்டார். மூலையில் ஒரு குழியின் வலை கிழிந்து தொங்கியது. "இதுதானா அக்கா?" என்றார். "இதேதான்" என்றேன். "இதுக்கா?" என்றார். டீ ஆறுகிறது, குடிங்க என்றேன்.

பெயிண்டர் உன் படத்துக்கடியில் அறுபத்தொன்று என்று எழுதிவிட்டார். தெருவிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. உன் தோழர்கள் முப்பத்தொன்பது பேரும் இப்போது போக்கிடம் இல்லாமல் என் கடை பெஞ்சில் முறைபோட்டு உட்கார்ந்து என் உயிரை வாங்குகிறார்கள், அது வேறு விஷயம். ஆனால் பொய் ஒழிந்தது துக்குணி. இனி இந்த மன்றத்தில் தன் வயதைக் குறைத்துச் சொல்லும் வாய் இருக்காது. அந்த மட்டில் எனக்கு நிம்மதி. நீ எங்கிருந்தாலும் வயிறு நிறையச் சாப்பிட்டு, மழையில் நனையாமல், யாரிடமும் எதையும் எழுத்தில் கேட்காமல் நன்றாக இரு. தையல்காரர் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார். மருந்துக்கடைக்காரரும்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கிச் சுமந்த
அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதியதை உறையில் போட்டு ஒட்டிவிட்டேன், பிறகு பிரிக்க வேண்டியதாகிவிட்டது. பிள்ளைகள் மன்றத்தில் சாயந்திர வகுப்பு ஆரம்பிக்கிறார்களாம், படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு. மன்ற உறுப்பினர்களுக்கு மட்டும்தான். உன் இரண்டு சட்டத்தையும் அப்படியே வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு விண்ணப்பம் வாங்கினார்கள், நானும் போய் வரிசையில் நின்றேன். தபால்காரர் மகள் குனிந்து எழுதிக்கொண்டே, "பெரியம்மா, வயசு?" என்றாள். பின்னால் என் கடை பெஞ்சிலிருந்து தையல்காரர் இருமினார். நான் உன் போட்டோவைப் பார்க்கவில்லை. "முப்பத்துநாலு" என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், உன் படத்துக்கு அடியில் இருந்த அறுபத்தொன்றைப் பார்த்தாள், எழுதிக்கொண்டு ஒரு சாவியைக் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தேன், அரத்தால் ஒரு கோடு. இனிமேல் நான்தான் உனக்குத் தங்கச்சி, மரியாதையாக நடந்துகொள். மூன்றாம் வகுப்பில் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். என் கை எவ்வளவு மெதுவாக எழுதும் என்று உனக்குத்தான் தெரியும். எனக்கு முப்பத்தைந்து ஆவதற்குள் மூன்றாம் வகுப்பை முடித்துவிடுவேனாடா?